இரண்டடி முன்னே

அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில், சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம், நாங்கள் ஐந்து பேர் ஆற்றுப் படுகை ஒன்றில் நடந்துகொண்டிருந்தோம். டெனாலியின் உட்பகுதியில் பெரும்பாலும் பாதை என்று ஒன்று கிடையாது. கூழாங்கல் பரப்பில் ஆறு ஏழெட்டுக் கிளையாகப் பிரிந்து ஓடும். எங்கே தாண்டினால் முழங்காலோடு போகும் என்று பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். இருபுறமும் வில்லோ புதர், சில இடங்களில் ஆள் உயரத்துக்கு. தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நடப்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும். கரடி நாட்டில் செய்யக்கூடாதவற்றையெல்லாம் அந்த நிலமே நமக்காகச் செய்து வைத்திருந்தது.

ஒரு திருப்பத்தில் கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி நின்றிருந்தது. சுமார் அறுபது தப்படி தூரம். சிவப்பு பெர்ரிகளை இலையும் காம்புமாக உருவித் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் பார்த்த அதே நொடியில் அதுவும் தலையைத் தூக்கியது.

அடுத்து நடந்ததை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என் கை கரடி ஸ்ப்ரேயை, அதாவது கரடியை விரட்ட அடிக்கும் காரத் தெளிப்பானை, தேடிப் பின்னால் போனது. டப்பா பையின் பக்கவாட்டு உறையில் இருந்தது. பையைக் கழற்றாமல் எடுக்க முடியாது. அனுமதிச் சீட்டு கொடுத்த இடத்தில், "இடுப்பிலோ மார்பிலோ மாட்டுங்கள், பையில் வைக்காதீர்கள்" என்று வனக்காவலர் சொன்னபோது தலையாட்டியவன் நான். எங்களில் மூன்று பேர் அவர் சொன்னபடி ஒன்றாக நெருங்கி நின்று, கைகளை மெல்ல உயர்த்தி, தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். ஐந்தாமவர் மார்பில் பாயிண்ட் 44 மேக்னம் ரிவால்வர் மாட்டியிருந்தார். அவர் கை அதன் மேல் போயிற்று. போனதும் அவர் இரண்டடி முன்னே வைத்தார்.

நாங்கள் நால்வரும் அப்போது பின்னே போய்க்கொண்டிருந்தோம். அவர் மட்டும் முன்னே.

கரடி பின்னங்காலில் எழுந்து நின்றது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அது தாக்கும் முறை இல்லை. இன்னும் நன்றாகப் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் அப்படி நிற்கும். பிறகு தொப்பென்று இறங்கி, புதருக்குள் நுழைந்து போய்விட்டது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்று இரவு, கூடாரத்திலிருந்து நூறு தப்படி தள்ளி உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தபோது (வாசனை கூடாரத்தில் ஒட்டக்கூடாது என்பது அங்கே விதி) அவர் ரிவால்வரைத் தட்டி, "இது இருந்ததால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்" என்றார். இன்னொருவர், "சேர்ந்து நின்று பேசியதால்தான் அது போயிற்று" என்றார். என் டப்பாவும் பையில் பத்திரமாக இருந்ததால் நானும் ஒரு உரிமை கோரியிருக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

காட்டில் துப்பாக்கி வேண்டுமா என்ற விவாதத்தில் பாதி சத்தம் இதிலிருந்து வருகிறது. கரடியைச் சந்திப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. கரடி விலகிப் போய்விடுகிறது. ஆகவே அந்த நேரத்தில் உங்கள் உடம்பில் என்ன இருந்ததோ அதற்குப் பெருமை போய்ச் சேருகிறது. தாயத்து கட்டியிருந்தால் தாயத்துக்கு. ஆயிரம் பேர் "என்னைத் துப்பாக்கிதான் காப்பாற்றியது" என்று உண்மையாகவே நம்பலாம். அந்த நம்பிக்கையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

சரி, போகாத கரடிக்கு வருவோம்.

கிரிஸ்லி மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் ஓடும். முப்பது மீட்டரில் புதரிலிருந்து வெளிப்பட்டால் உங்களிடம் இருப்பது சுமார் இரண்டு நொடி. அதற்குள் அதிர்ச்சியிலிருந்து மீண்டு, ஆயுதத்தை எடுத்து, குறிவைத்து, விசையை இழுக்க வேண்டும். எதிரே வருவது தலையைத் தாழ்த்தி, குதித்துக் குதித்து வரும் ஒரு உருவம். அதன் மண்டையோடு சரிந்த வாக்கில் இருக்கும். இதயத்தில் பட்டாலும் அது உடனே விழுந்துவிடும் என்று சொல்ல முடியாது. அலாஸ்காவின் மீன், வேட்டைத் துறை ஒளிவுமறைவில்லாமலே சொல்கிறது: சுட வேண்டி வந்தால் பாயிண்ட் 300 மேக்னம் ரைபிளோ, ஸ்லக் என்ற ஒற்றைக் கனத் தோட்டா போட்ட 12 கேஜ் ஷாட்கன்னோதான் பொருத்தம், பாயிண்ட் 44 போன்ற கனமான கைத்துப்பாக்கிகூடப் போதாமல் போகலாம், அதுவும் பழக்கமில்லாத கையில். எங்கள் நண்பர் கையில் இருந்தது அதேதான்.

இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் இரண்டு ஆய்வுகள் உண்டு. இரண்டிலும் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகிய கரடி ஆய்வாளர்களின் பெயர் இருக்கும். 2008-இல் வந்தது ஸ்ப்ரே பற்றியது. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த 83 சம்பவங்களை எடுத்துப் பார்த்தார்கள். பழுப்புக் கரடிகளில் நூற்றுக்கு 92 முறை ஸ்ப்ரே அவற்றின் போக்கை நிறுத்தியது. நெருக்கமான சந்திப்புகளில் ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமில்லை. 2012-இல் வந்தது துப்பாக்கி பற்றியது. 1883 முதல் 2009 வரை 269 சம்பவங்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதம், ரைபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கி 76 சதவீதம் பலன் தந்தது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த ஆய்வில் இருக்கும் வேறொரு முடிவு. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காயமடைந்த விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "92 பெரிதா 84 பெரிதா" என்று கேட்பவர்கள் ஏராளம். அது நியாயமான ஒப்பீடு இல்லை, என் கட்சிக்குச் சாதகமான எண்ணாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஸ்ப்ரே சம்பவங்களில் பல, சும்மா வேடிக்கை பார்க்க வந்த கரடி அல்லது உணவுப் பொருளைத் தேடி வந்த கரடி. துப்பாக்கிப் பதிவுகளில் வருபவை பெரும்பாலும் விபரீதமாகப் போனவை. வானத்தை நோக்கி ஒரு வேட்டு போட்டு விரட்டியவர் யாரிடமும் போய்ப் புகார் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். ஆகவே ஸ்ப்ரே துப்பாக்கியை வென்றுவிட்டது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் "துப்பாக்கி இருந்தால் தப்பிவிடலாம்" என்ற சுலபமான நம்பிக்கையில் விழுந்த ஓட்டை அப்படியேதான் இருக்கிறது.

ஒரு சின்ன விலகல். ஆங்கிலத்தில் மிளகு ஸ்ப்ரே என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே மிளகு ஒரு துளியும் இல்லை. இருப்பது மிளகாயின் காரம், கேப்சைசின். தமிழில் மிளகாய் ஸ்ப்ரே என்று சொன்னால்தான் சரி. அது தோட்டாவைப் போல ஒரு புள்ளியில் பாய்வதில்லை. ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கு மேகமாகப் பரவும், ஏழெட்டு நொடி நீடிக்கும். கரடிக்கும் நமக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்புகிறோம், அது தானாக வந்து அதில் மூக்கை வைக்கிறது. துல்லியம் தேவையில்லை என்பதுதான் அதன் பலம். நடுங்கும் கைக்கு ஏற்ற ஆயுதம். எதிர்காற்றில் அது உங்கள் முகத்துக்கே திரும்பி வரும் என்பதும், கடுங்குளிரில் அழுத்தம் குறையும் என்பதும் அதன் பலவீனம். காலாவதியான டப்பா ஒன்றை ஒரு திறந்த வெளியில் சோதித்துப் பார்த்தேன். காற்றின் திசையைக் கவனித்ததாகத்தான் நினைத்தேன். அரை மணி நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

வடதுருவத்துப் பக்கம் போனால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும்.

நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் லாங்இயர்பியன் என்ற சின்ன ஊர். ஊர் எல்லையில் பனிக்கரடி படம் போட்ட முக்கோண எச்சரிக்கைப் பலகை நிற்கும். அதன் கீழே, இது ஸ்வால்பார்ட் முழுவதுக்கும் பொருந்தும் என்று நார்வேஜிய மொழியில் எழுதியிருக்கும். ஊருக்கு வெளியே போகிறவர்கள் கரடியை விரட்டத் தக்க சாதனம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதோடு துப்பாக்கியும் வைத்திருக்கும்படி ஆளுநர் அலுவலகம் பரிந்துரைக்கிறது. டெனாலியில் பார்க்கும் கிரிஸ்லிக்கு நாம் பெரும்பாலும் ஒரு தொந்தரவு. திடீரென்று குறுக்கே வந்துவிட்ட, குட்டிக்கு ஆபத்தாகத் தெரிகிற ஒன்று. பசித்த பனிக்கரடிக்கு நாம் இரையாகவும் தெரியலாம். மறைவதற்கு மரமில்லை, ஓடுவதற்கு இடமில்லை. அங்கே ரைபிள் தோளில் மாட்டிப் போகிறவரைப் பார்த்து நான் முகம் சுளித்ததில்லை.

ஆனால் எங்களை அழைத்துப் போன வழிகாட்டி துப்பாக்கியை வைத்திருந்த விதம் வேறு. ரைபிளின் தோட்டா அறை காலி. தோட்டாக்கள் அதன் மேகசினில் மட்டும். ஊருக்குள் வந்தால் அதுவும் கிடையாது. காலி என்பது பார்ப்பவர் கண்ணுக்கே தெரிய வேண்டும். ரைபிளுக்கு முன் அவர் கை போக வேண்டியது, கரடியை மிரட்டி விரட்ட வேட்டு போடும் சிக்னல் பிஸ்டலுக்கு. அதைச் சுடும்போது வேட்டு கரடிக்கும் நமக்கும் நடுவே விழ வேண்டும், கரடிக்குப் பின்னால் விழுந்தால் பயந்துபோய் நம்மை நோக்கியே ஓடி வரும் என்று இரண்டு முறை சொன்னார். அதற்கும் முன்னால் தொலைநோக்கி. ஒவ்வொரு மேட்டிலும் நின்று அரை வட்டம் பார்த்த பிறகே அடுத்த அடி. இப்போது அங்கே பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது விதி, மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். "நான் இதைச் சுட வேண்டி வந்தால், அதற்கு முன்னால் நான் நான்கு தவறுகள் செய்திருப்பேன்" என்றார். சுட்டுக் கொன்றால் ஆளுநர் அலுவலகம் விசாரிக்கும். 1973 முதல் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு.

அந்த மண்ணிலேயே துப்பாக்கி கைவிட்ட கதையும் உண்டு. 2011 ஆகஸ்டில் ஒரு மாணவர் முகாமுக்குள் பனிக்கரடி புகுந்தது. சுற்றிலும் கட்டியிருந்த, இடறினால் வேட்டு வெடிக்க வேண்டிய எச்சரிக்கைக் கம்பி வெடிக்கவில்லை. தலைவர் ரைபிளை எடுத்துச் சுட முயன்றபோது தோட்டாக்கள் வெடிக்காமலே வெளியே விழுந்தன. கடைசியில் கரடியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், ஆனால் அதற்குள் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துவிட்டான், இன்னும் சிலருக்குப் படுகாயம். அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா எல்லையில், காயம்பட்ட கிரிஸ்லி ஒரு வேட்டைக்காரர் மேல் பாய்ந்தது. காப்பாற்ற ஓடிவந்த நண்பர் சுட்டார். அந்தத் தோட்டாதான் வேட்டைக்காரரைக் கொன்றது. கரடி ஒருவர் மேல் படுத்திருக்கும்போது எங்கே குறிவைப்பது? ஸ்ப்ரேயாக இருந்தால் இரண்டு பேர் மேலும் அடிக்கலாம். கண் எரியும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். அலாஸ்காவின் கட்மை பூங்காவில் வருடக்கணக்கில் கரடிகளோடு கோடைகளைக் கழித்த டிமதி டிரெட்வெல் துப்பாக்கி வைத்துக்கொள்ளவில்லை, பின்னாளில் ஸ்ப்ரேகூட வேண்டாம் என்று விட்டுவிட்டார். 2003 அக்டோபரில் அவரும் உடனிருந்த பெண்ணும் கொல்லப்பட்டார்கள். உடல்களை மீட்கப் போனவர்கள் இரண்டு கரடிகளைச் சுட வேண்டி வந்தது. ஆயுதம் ஏந்தாமல் போவதற்கும் கரடி விலை கொடுக்கும்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு நடக்கலாம் என்ற அனுமதி 2010 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதித்தால் போதும். இந்தத் திருத்தம் ஒட்டிக்கொண்டு வந்தது கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் வாலில். கரடிக்கும் கடன் அட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வைத்திருக்கலாம், ஆனால் பெரும்பாலான பூங்காக்களில் சுடக்கூடாது என்ற விதி தொடர்கிறது. மூன்று மாதம் கழித்து டெனாலியில் நடைபயணி ஒருவர், தன் தோழியை நோக்கிப் பாய்ந்து வந்த கிரிஸ்லியை பாயிண்ட் 45 பிஸ்டலால் சுட்டுக் கொன்றார். சுமார் ஒன்பது தோட்டா. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாதபோது அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பாய்ந்து வரும் கிரிஸ்லிகளில் பல, கடைசி நேரத்தில் நின்றுவிடும் அல்லது விலகி ஓடும். வெறும் மிரட்டல் பாய்ச்சல். அது நிற்கப் போகிறதா என்று பார்க்கக் காத்திருக்கும் பொறுமையை விரல் விசையில் இருக்கும்போது யாரிடம் எதிர்பார்ப்பது?

அலாஸ்கா மாநிலச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. உயிரையோ உடைமையையோ காக்க கரடியைச் சுடலாம். ஆனால் நீங்கள் தேவையில்லாமல் சீண்டியிருந்தாலோ, குப்பையையும் உணவையும் கவனமில்லாமல் போட்டு அதை வரவழைத்திருந்தாலோ அந்தச் சலுகை கிடையாது. சுட்ட பிறகு தோலை நகத்தோடு உரித்து, மண்டையோட்டோடு சேர்த்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். பதினைந்து நாளுக்குள் அறிக்கை எழுதித் தர வேண்டும். ஒரு பெரிய கரடியின் தோலை உரிப்பது பொழுதுபோக்கு இல்லை. விசையை இழுத்த நொடியை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய நாள் நீங்கள் எங்கே சமைத்தீர்கள் என்றும் அந்தச் சட்டம் கேட்கிறது.

அதுதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். 1967 ஆகஸ்டில் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரே இரவில், வெவ்வேறு இடங்களில், இரண்டு வெவ்வேறு கிரிஸ்லிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. அவற்றில் ஒரு இடத்தில் விடுதியின் எச்சிலைக் கொட்டி, கரடி வந்து தின்பதை விருந்தினர்கள் இரவில் வேடிக்கை பார்ப்பது வழக்கமாக இருந்தது. அதன் பிறகு பூங்காக்கள் செய்த முக்கியமான மாற்றம் குப்பையை அப்புறப்படுத்துவது, உணவைக் கரடிக்கு எட்டாமல் வைப்பது. டெனாலியில் எங்களுக்குக் கொடுத்த, கரடியால் திறக்க முடியாத அந்தப் பருத்த பிளாஸ்டிக் உருளைக்கு வீரமே கிடையாது. உட்கார மட்டும் வசதியாக இருக்கும். எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று யாரும் அதற்காகக் கதை எழுதுவதில்லை.

அலாஸ்காவில் கரடியைவிட அதிகம் பேரைக் காயப்படுத்துவது மூஸ் மான். அதற்கு மருந்து ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் நிற்பது. அமெரிக்கப் பூங்காக்களில் விபத்தாக உயிரை வாங்குபவற்றில் முன்னால் நிற்பவை தண்ணீரில் மூழ்குவதும் வாகன விபத்தும்; வழுக்கி விழுவதும் அதே வரிசையில் வரும். ஆற்றைத் தாண்டும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டீர்களா என்று எங்களில் யாரும் யாரையும் கேட்கவில்லை. ரிவால்வரைப் பற்றி மூன்று இரவு பேசினோம்.

"கரடிக்கு இல்லை, மனிதர்களுக்காக வைத்திருக்கிறேன்" என்பவர்களும் உண்டு, குறிப்பாகத் தனியாக நடக்கும் பெண்கள் சிலர். இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். நான் ஆண், தனியாக நடந்த இரவுகளில் எனக்கு இல்லாத பயம் அவர்களுக்கு இருக்கலாம். ஆனாலும் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள், அங்கே கொலைகள் மிக அபூர்வம். பாதையைப் பராமரிக்கும் அமைப்பே துப்பாக்கி எடுத்து வர வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அப்புறம், கூடாரத் துணிக்கு வெளியே இரவு இரண்டு மணிக்குக் கேட்கும் சத்தம் யாருடையது என்பது ஒரு தனிக் கணக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டெனாலியில் மூன்றாவது இரவு கூடாரத்துக்கு வெளியே கல் உருளும் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். இப்போது டப்பா மார்பிலேயே இருந்தது, பாதுகாப்பு ஊக்கின் மேல் கட்டைவிரல். எங்களில் ஒருவர் சிறுநீர் கழித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். ஸ்ப்ரேயைத் தவறாக அடித்திருந்தால் அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

பனிக்கரடி நிலத்தில் அளவெடுக்கப் போகும் ஆய்வாளர், அங்கேயே பிறந்து வாழ்பவர், மாதக்கணக்கில் நாய்வண்டியில் கிரீன்லாந்தின் வடகிழக்கைச் சுற்றிவரும் டென்மார்க்கின் சிரியஸ் காவல் படை: இவர்களுக்குத் துப்பாக்கி ஒரு வேலைக் கருவி. அவர்கள் அதோடு பழகியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் காட்டுக்குப் போகும் என்னைப் போன்றவர் கையில் அது வேறு பொருள். அது வேலை செய்யுமா என்பது பிறகு. அதற்கு வெகு முன்பே அது நம் காலை எந்தப் பக்கம் வைக்கச் செய்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்த இரண்டடியை அவர் தெரிந்து வைக்கவில்லை. கடைசி நாள் அவரிடம் கேட்டேன். "நானா? முன்னாலா? இல்லையே, நான் உங்களோடுதானே நின்றேன்" என்றார். பொய் சொல்லும் ஆள் இல்லை அவர்.

ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுபோக முடியாது. நாங்கள் தங்கியிருந்த இடத்தின் வாசலில், திரும்பிப் போகிறவர்கள் விட்டுச் செல்வதற்கென்று ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அடுத்து வருபவர் எடுத்துக்கொள்ளலாம். என்னுடையதை வைக்கும்போது உள்ளே பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு டப்பாக்கள். ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எதிலும் ஊக்கு கழற்றப்படவில்லை. விமான நிலையத்தில் அவர் ரிவால்வரை, தோட்டா இல்லை என்று காட்டி, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து ஒப்படைக்க வேண்டியிருந்தது. படிவம் நிரப்ப நேரமாயிற்று. நாங்கள் நால்வரும் பைகளின் மேல் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தோம்.